வீட்டுடையாரும் காரியஸ்தரும்

சொந்த வீட்டைப் பிறர்க்குக் குடிக்கூலிக்கு விடுவோர் அதனைத் தாமே மேற்பார்த்தல் நன்றோ, அன்றி ஒரு காரியஸ்தரை அமர்த்தி அவர் பொறுப்பில் விட்டுவிடுதல் நன்றோ என்பது, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு வீட்டுடையார் தம்முள்ளேயே தீர்த்துக்கொள்ளத்தக்க ஓர் இலாப நட்ட விஷயமாகத் தோன்றும். மாதந்தோறும் வரும் வாடகை இவ்வளவு, காரியஸ்தர்க்குக் கொடுக்கும் ஊதியம் இவ்வளவு, அவரால் மிச்சமாகும் அலைச்சல் இவ்வளவு என்று மூன்று வரிகளில் அக்கணக்கு முடிந்துவிடும். ஆனால் அவ்வீட்டில் வாழ்பவர் வீட்டுடையார் அல்லர். வேறு யாரோ ஒருவர் தம் குடும்பத்துடன் அங்கே உண்டு, உறங்கி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நோயுற்றால் அங்கேயே படுத்திருந்து காலங்கழிக்கின்றார். அவர்க்கும் வீட்டுடையார்க்கும் நடுவே மூன்றாமவர் ஒருவரை நிறுத்துங்கால் அவ்விருவரிடையே நிகழும் மாறுதல் யாது என்னும் கேள்விக்கு அக்கணக்கில் இடமில்லை. அதனையே ஈண்டு ஆராய விரும்புகின்றேன். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுதல் நலம். வேலைகளைச் செய்விக்கக் காரியஸ்தரை அமர்த்துவதில் குற்றமில்லை. சில இடங்களில் அமர்த்தாமையே குற்றமாம். ஆனால் யாரைக் குடிவைப்பது, யாரை வெளியேற்றுவது என்னும் இரண்டையும் வீட்டுடையார் தம் வாயாலேயே சொல்லல் வேண்டும்.

தரகர், காரியஸ்தர் என்னும் இரு சொற்களும் நம் பேச்சில் ஒன்றற்கொன்று மாறி வழங்கினும் அவ்விருவர் தொழிலும் வேறு. தரகர் வீட்டைக் காட்டுவார். இரு திறத்தாரையும் ஒன்றுகூட்டுவார். பெரும்பாலும் ஒரு மாத வாடகையைத் தரகாகப் பெற்றுக்கொண்டு தம் வழியே போய்விடுவார். காரியஸ்தரோ குடிவந்த பின்னரும் நிலைத்து நிற்பவர். வாடகை வசூலித்தல், இரசீது கொடுத்தல், குழாய் பழுதானால் ஆள் அனுப்புதல், சொத்து வரியும் குடிநீர் வரியும் செலுத்துதல், ஒப்பந்தம் முடியுங்கால் புதுப்பித்தல் அல்லது காலி செய்யச் சொல்லுதல் ஆகிய எல்லாம் அவர் கையிலே. சென்னையில் முன்பெல்லாம் இப்பணியை வீட்டுடையாரின் கணக்குப்பிள்ளையோ, உறவினருள் வேலையற்றிருப்பார் ஒருவரோ செய்து வந்தனர். திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் முன்னறையில் சாவிக்கொத்தும் நீண்ட கணக்குப் புத்தகமுமாக மேனேஜர் என்று ஒருவர் அமர்ந்திருப்பாரே, அவரும் இவ்வினத்தவரே. இன்று இதனையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் தோன்றி, வாடகையையும் கைப்பேசியில் வாங்கி, குறைகளையும் கைப்பேசியிலேயே கேட்கின்றன. (குறையைக் கேட்டலும் குறையைத் தீர்த்தலும் ஒன்றல்ல என்பதை அங்கே குடியிருந்தோர் அறிவர்.)

காரியஸ்தர் வேண்டும் என்பார் கூறும் நியாயங்களை எளியன என்று தள்ளுதற்கில்லை. பிள்ளைகள் இருவரும் கடல்கடந்து சென்றுவிட, கணவரும் காலமாகிவிட, மாடிப் பகுதியின் வாடகையைக் கொண்டே மருந்துக்கும் மளிகைக்கும் வழிசெய்து கொள்ளும் மூதாட்டியார் நம் நகரத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பர். மோட்டார் நின்றுவிட்டது என்று இரவு பத்து மணிக்கு மாடியிலிருந்து ஒருவர் வந்து நிற்கின்றார். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று விடியற்காலையில் மற்றொருவர் வருகின்றார். மூன்று மாத வாடகை நிலுவையில் வைத்துவிட்டுக் கேட்டால் கண்ணை உருட்டுவாரும் உளர். வாடகைக்காரர் எல்லாரும் எளியர், வீட்டுடையார் எல்லாரும் கொடியர் என்று கொள்ளுதல் சினிமாவுக்கு ஏற்கும், சென்னைக்கு ஏலாது. அம்மூதாட்டியார்க்குத் தக்க காரியஸ்தர் ஒருவர் வாய்த்தால் அவர்க்கு அது பெருந்துணை. வெளிநாட்டில் வாழும் வீட்டுடையார்க்கோ இன்னும் வேறு தொல்லைகள் உள. அவர்க்கு வாடகை செலுத்துவோர் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியையே செலுத்துதல் வேண்டும் என்பது விதி. இதனை வீட்டுடையாரும் அறியார், குடியிருப்போரும் அறியார். அறிந்த ஒருவர் நடுவே இருப்பது இருவர்க்கும் நன்மையே.

வீட்டு வாடகை பற்றிய சட்டமும் ஒரே நிலையில் நின்றதன்று. சென்னை மாகாணத்தில் 1946-ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. 1949-இல் மற்றொன்று அதன் இடத்தில் வந்தது. 1960-இல் பிறந்த சட்டம் அறுபது ஆண்டுக்குச் சற்றே குறைய நிலைத்தது. நியாயமான வாடகை இதுவென வரையறுத்தலும், தக்க காரணமின்றிக் குடியிருப்போரை வெளியேற்றாவண்ணம் காத்தலும் அவற்றின் நோக்கங்கள். 2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வழியை விட்டு, வாடகை எவ்வளவு என்பதை இரு திறத்தாரும் எழுத்தில் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திற்கே விட்டது. முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று சொல்லும் பிரிவிலேயே, வேறு உடன்பாடு இருந்தாலன்றி என்னும் விலக்கும் இருக்கின்றது. ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கும் சென்னைப் பழக்கம் அவ்வாயில் வழியே இன்றும் நுழைகின்றது.

அச்சட்டம் காரியஸ்தரையும் மறந்துவிடவில்லை. அவர் செய்யத்தக்கன இவை என்று எண்ணிக் கூறுகின்றது. இரசீது கொடுத்து வாடகை பெறுதல், இன்றியமையாத பழுதுகளைப் பார்த்தல், அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுதல், வாடகை தவறினாலும் உயர்த்தினாலும் காலி செய்ய வேண்டினாலும் அறிவிப்புக் கொடுத்தல், பிணக்கு நேர்ந்தால் தீர்க்க உதவுதல் என்பன அவை. இவையன்றிப் பிறவற்றை வீட்டுடையாரின் கட்டளையின்படியே செய்தல் வேண்டும். காரியஸ்தரை அமர்த்தினால் அவர் பெயர் யாது, அவர்க்கு அதிகாரம் அளித்தமைக்குச் சான்று யாது, எவ்வேலைக்கு, எக்காலம் வரை என்பவற்றை வீட்டுடையார் குடியிருப்போர்க்குத் தெரிவித்தல் கடன். வீட்டினுள் புக வேண்டின் 24 மணி நேரத்திற்கு முன்னர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்போரை விரட்டும் உரிமை வீட்டுடையார்க்கும் இல்லை, காரியஸ்தர்க்கும் இல்லை. இவற்றை எத்தனை வீட்டுடையார் படித்திருப்பர்? ஒப்பந்தப் பத்திரத்தைத் தட்டச்சுக் கடையில் கிடைக்கும் பழைய படியைப் பார்த்தே எழுதுவிக்கின்றோம். அதில் பெயரையும் தொகையையும் மாற்றுவதோடு நம் சட்ட அறிவு நின்றுவிடுகின்றது. சட்டம் அறிந்த காரியஸ்தர் இங்கே பயன்படுவார் என்பதை யான் மறுக்கவில்லை.

வேல்ஸ் நாட்டார் இதே குறைக்கு வேறொரு மருந்து கண்டனர். 2014-இல் அங்கே ஆக்கிய சட்டத்தின்படி, 2016 நவம்பர் முதல், வீட்டை வாடகைக்கு விடுவோர் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தாமே மேற்பார்க்க விரும்புவோர் அதற்குரிய பயிற்சியும் பெற்று உரிமம் வாங்கல் வேண்டும். இயலாதார் உரிமம் பெற்ற காரியஸ்தரை அமர்த்தலாம். வீட்டுடைமை வேறு, வீட்டை ஆளுந்திறம் வேறு என்பதை இதனினும் தெளிவாகச் சொன்னார் இல்லை. வண்டி ஓட்டுதற்கு உரிமம் கேட்கும் நாம், ஒரு குடும்பம் வாழும் கூரைக்கு உடையவராயிருத்தற்கு ஒன்றும் கேட்பதில்லை.

இனி, காரியஸ்தர்க்கு ஊதியம் கொடுப்பவர் யார் என்பதையும் பார்த்தல் வேண்டும். நம் ஊரில் தரகர் குடிவருவோரிடத்தும் பெறுகின்றார். வீட்டுடையாரிடத்தும் பல வேளைகளில் பெறுகின்றார். இரு எஜமானர்க்கு ஒருவன் ஊழியஞ்செய்தல் இயலாது என்று நம் ஆண்டவர் அருளியது செல்வத்தைக் குறித்தேயாயினும் தரகர்க்கும் அது பொருந்தாமற் போகவில்லை. வீட்டுடையாரிடம் சென்று, ‘நல்ல குடும்பம், வாடகையைக் கூட்டிக் கேட்கலாம்’ என்பார்; அந்தக் குடும்பத்தினிடம் வந்து, ‘உங்களுக்காக எவ்வளவோ குறைத்துப் பேசினேன்’ என்பார். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல், வீடு தேடி வருவோரிடத்துக் கட்டணம் என்று எதனையும் வாங்கலாகாது எனச் சட்டஞ்செய்து, காரியஸ்தரின் கூலியை அவரை அமர்த்திய வீட்டுடையார் தலையிலேயே ஏற்றினர். அங்கே அவர் யாருடைய ஆள் என்பதில் ஐயமில்லை. குடிவருவோரும் அதனை அறிந்தே அவர் சொல்லை நிறுத்துக்கொள்வர். நம் ஊரிலும் அவ்வாறு செய்தல் வேண்டும் என்பது என் துணிபு.

வீட்டுடையார் கண்காணியாது விட்டால் அவர்க்கே விளையும் கேடும் உண்டு. சென்னையில் போக்கியம் என்றொரு முறை இருப்பதை எல்லாரும் அறிவோம். குடிவருவோர் சில இலட்ச ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றி வாழ்ந்து, காலம் முடிந்ததும் அத்தொகையைத் திரும்பப் பெறுவர். நடுவே நிற்பவர் வஞ்சகராயின், வீட்டுடையாரிடம் மாத வாடகைக்கு விட்டதாகச் சொல்லி, குடிவருவோரிடம் போக்கியத்துக்கென்று பெருந்தொகை வாங்கிக்கொண்டு, சில மாதம் வாடகையைத் தம் கையிலிருந்தே செலுத்திவந்து, ஒருநாள் மறைந்துவிடுவார். அன்றைக்குத்தான் வீட்டுடையாரும் குடியிருப்போரும் முதன்முறையாக ஒருவரையொருவர் நேரில் காண்பர்; அதுவும் காவல் நிலையத்தில். ஒருவர் வாடகை எங்கே என்பார். மற்றவர் என் பணம் எங்கே என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. தொடக்கத்தில் ஒருமுறை இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசியிருப்பின் இவ்வஞ்சனை நடந்திராது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் தன் எஜமானுக்குரிய எண்ணெயில் பாதியையும் கோதுமையில் ஐந்தில் ஒரு பங்கையும் குறைத்து எழுதுவித்தான். அவனாவது கடன்பட்டவர்க்கு நன்மை செய்தான். நம் காலத்து உக்கிராணக்காரர் இரு திறத்தாரையும் ஒருங்கே மொட்டையடிக்கின்றனர்.

நிற்க. இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியன. பணத்தினும் பெரியது ஒன்று உளது.

வெளியூரிலிருந்து படிக்க வந்து விடுதியில் இடங்கிடையாத நண்பர் மூவருடன் யானும் வீடு தேடி அலைந்ததுண்டு. டூலெட் என்னும் பலகையில் எழுதியிருந்த எண்ணிற்குப் பேசினால் வீட்டுடையார் பேசுவதில்லை. எத்தனை பேர், எந்த ஊர், தகப்பனார்க்கு என்ன வேலை என்று ஒருவர் வினவுவார். அசைவம் சமைப்பதுண்டோ என்பது அடுத்த வினா. அது சமையலைப் பற்றிய வினா அன்று என்பதைக் கேட்பவரும் அறிவார், விடை சொல்பவரும் அறிவார். பின்னர்ப் பெயர். பெயரைக் கேட்டபின், முழுப்பெயர். அதன்பின் ஒரு சிறு மௌனம். ‘ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன், தம்பி’ என்பது முடிவுரை. மறுநாள், ‘வீடு போய்விட்டது’ என்று செய்தி வரும். பலகை மட்டும் மேலும் இரண்டு வாரம் அவ்விடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கிறிஸ்தவனாகிய எனக்கு மூடிய கதவுகள் சில. எங்களுடன் வந்த முஸ்லிம் நண்பர்க்கு மூடியவை பல. சேரிப் பகுதியின் பெயரைத் தன் சொந்த ஊர்ப் பெயராகச் சொன்ன நண்பனுக்கு மூடியவற்றை அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். வக்கீலுக்கும் போலீஸ்காரர்க்கும் சென்னையில் வீடு கிடைப்பது அரிது என்று வேடிக்கையாகச் சொல்லுவர். அவர்களை மறுப்பது அச்சத்தால். எங்களை மறுத்தது அச்சத்தால் அன்று.

எங்களை மறுத்தவர் யார்? இங்கேதான் காரியஸ்தரின் மெய்யான பயன் விளங்குகின்றது. அவரைக் கேட்டால், ‘நான் என்ன செய்வேன், ஓனர் விருப்பம்’ என்பார். வீட்டுடையாரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், ‘நான் அப்படியெல்லாம் பார்ப்பவன் அல்லன், அவர் பார்த்து யாரையோ வைத்துவிட்டார்’ என்பார். ஒருவர் நெஞ்சிலும் குற்றம் தங்குவதில்லை. நடுவே விழுந்து மறைந்துவிடுகின்றது. நம் அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு கடைகளிலும், உணவு விடுதிகளிலும், கிணறு குளங்களிலும் சாதி மதம் பற்றி ஒருவரைத் தடுத்தலாகாது என்று எண்ணிக் கூறுகின்றது. தனியார் வாடகை வீடு அவ்வெண்ணிக்கையில் இல்லை. சட்டம் சொல்லாது விட்ட இடத்தில் மனிதரைத் தடுத்து நிறுத்துவது நாணம் ஒன்றே. எதிரே நிற்கும் இளைஞன் முகத்தைப் பார்த்து, உன் சாதிக்கு என் வீட்டில் இடமில்லை என்று சொல்லக் கூசாத வீட்டுடையார் சிலரே இருப்பர். பலர் கூசுவர், கூசி, வேறு வழியின்றிச் சாவியைக் கொடுத்துவிடவுங் கூடும். அக்கூச்சத்தினின்று அவரை விடுவிப்பதற்கே நடுவே ஒருவர் வேண்டியிருக்கின்றது. குழாய் பழுது பார்ப்பதற்காக அமர்த்துகின்றோம் என்பர். பல வீடுகளில் குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கின்றது.

வீடு அவருடையது, யார்க்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம் என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதித்தார். அவ்வாறேயாகுக. அவ்விருப்பத்தை அவரே தம் வாயால் சொல்லட்டும் என்பதற்கு மேல் யான் இப்பொழுது கேட்கவில்லை.

உடையவர் மறைந்து நிற்கக் காரியஸ்தர் முன்னின்று பழி சுமத்தற்கு அயர்லாந்துச் சரித்திரத்தில் பேர்போன சான்று ஒன்றுண்டு. அங்கே விஷயம் வீடன்று, விளைநிலம்; முறை ஒன்றே. மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவுக்கு நிலங்கள் இருந்தன. பிரபு வாழ்ந்தது வேறு மாவட்டத்துக் கோட்டையில். நிலத்தை மேற்பார்த்துக் குத்தகை வசூலித்தவர் சார்லஸ் பாய்காட் என்னும் காரியஸ்தர். 1880-ஆம் ஆண்டில் விளைவு குன்றியிருந்தமையால் குடிகள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டினர்; பிரபு 10-க்கே இசைந்தார். கொடாதவரை வெளியேற்றப் பாய்காட் அறிவிப்பு அனுப்பினார். குடிகள் அவரை அடிக்கவில்லை. அவரோடு பேச்சை நிறுத்தினர். வேலையாட்கள் நீங்கினர், கடைக்காரர் சாமான் விற்க மறுத்தனர், பயிரை அறுக்க ஆளில்லை. வடபகுதியிலிருந்து 50 பேரை வரவழைத்துப் படைகாவலுடன் அறுத்தனர். 500 பவுன் பெறும் விளைவுக்கு 10,000 பவுன் செலவாயிற்று என மதிப்பிட்டனர். ஆண்டு முடியுமுன் பாய்காட் அயர்லாந்தைவிட்டே போனார். நாம் பகிஷ்காரம் என்பதற்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நின்றுவிட்டது. எர்ன் பிரபுவின் பெயர் எத்தனை பேர்க்குத் தெரியும்? குறைக்க மாட்டேன் என்றவர் அவர். உலகம் உள்ளளவும் அகராதியில் பழி சுமப்பவர் அவர் ஆள். பாய்காட்டுக்காக இரங்குகின்றேன் என்பதன்று. அவர் கையும் சுத்தமன்று. ஆனால் காரியஸ்தர்களாயிருக்கும் அன்பர்கள் இக்கதையைச் சற்றே நினைத்துப் பார்ப்பது அவர்க்கும் நல்லது.

அப்படியாயின் நடுவே நிற்பவர் எல்லாரும் திரைதானோ என்று கேட்கலாம். அன்று. அதே காலத்தில் இலண்டனில் ஒரு பெண்மணி இத்தொழிலையே வேறு விதமாகச் செய்து காட்டினார். ஆக்டேவியா ஹில் என்பது அவர் பெயர். 1838-இல் பிறந்து 1912-இல் மறைந்தவர். 1865-இல், அவர்க்கு முப்பது வயதும் ஆகாத காலத்தில், ஜான் ரஸ்கின் என்னும் பேரறிஞர் தம் தந்தையார் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு மேரிலிபோன் பகுதியில் பாழடைந்த மூன்று வீடுகளை வாங்கி அவர் பொறுப்பில் விட்டார். (தென்னாப்பிரிக்காவில் 1904-இல் காந்தியடிகள் இரயிலில் படித்து வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட நூலை எழுதியவர் இந்த ரஸ்கினே.) ரஸ்கின் தம் முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 பெறுவது என்பது ஏற்பாடு. அதற்குமேல் மிஞ்சிய தொகை உடையவர்க்குப் போகாமல், அவ்வீடுகளின் திருத்தத்திற்கே, அதுவும் குடியிருப்போர் விரும்பிய திருத்தத்திற்கே செலவாயிற்று. ஆக்டேவியா வாரந்தோறும் தாமே ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று வாடகை வாங்கினார். வாங்கச் சென்ற கண்ணாலேயே ஒழுகுங் கூரையையும் ஒடிந்த படியையும் கண்டார். வேலையற்றிருந்த குடியானவர்க்கு அப்பழுது பார்க்கும் வேலையையே கொடுத்துக் கூலியும் அளித்தார். நிலுவை வைத்தாரை மட்டும் பொறுத்தாரில்லை. அதில் அவர் கண்டிப்பு கடுமையானது. பின்னர்ப் பல பெண்களை இத்தொழிலில் பயிற்றுவித்தார். 1884-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களை ஆண்ட கமிஷனர்கள் தெற்கு இலண்டனிலிருந்த தங்கள் வீடுகள் சிலவற்றை அவரிடமே ஒப்புவித்தனர்.

அவர் கொள்கைகள் யாவும் எனக்கு உடன்பாடல்ல. எளியவர்க்கு நகரசபை வீடு கட்டித்தருவதை அவர் எதிர்த்தார். பெண்டிர்க்கு வாக்குரிமை கேட்டதையும் எதிர்த்தார். வாடகை வாங்கச் சென்ற இடத்தில் அறிவுரையும் சற்று மிகுதியாகவே வழங்கியிருப்பார் என்று எண்ணுகின்றேன். அக்குடிகள் அதனை எவ்வாறு பொறுத்தனரோ! ஆயினும் ஒன்று உறுதி. அவர் உடையவரை மறைக்கவில்லை. எவ்வளவு இலாபம் போதும் என்பதை உடையவர் முதலிலேயே சொல்லிவிட்டார்; அதனைக் குடியிருப்போரும் அறிந்திருந்தனர். வாடகை உயருமோ, வீடு கைவிட்டுப் போகுமோ என்று அவர்கள் யாருடைய முகக்குறிப்பையும் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. திறமையான காரியஸ்தரை அமர்த்தினோம் என்று பெருமை கொள்ளும் வீட்டுடையாருள் எத்தனை பேர், இவ்வளவுக்குமேல் எனக்கு வேண்டா என்று அவரிடம் சொல்லியிருக்கின்றனர்? கூட்டிக் கொடு என்பது ஒன்றே அவர் இட்ட கட்டளையாயின், காரியஸ்தர் எவ்வளவு நல்லவராயினும் நாளடைவில் கடியவராகாது தப்ப முடியாது.

நம் தமிழிலக்கியத்திலும் வீடு தேடித் தந்த ஓர் இடையாளர் உளர். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையைப் படித்தோர் கவுந்தியடிகளை மறந்திரார். மதுரைப் புறஞ்சேரியில், ஊரும் உறவும் அற்று வந்த கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அவர் அடைக்கலமாகக் கொடுத்தார். கவுந்தி சமணத் துறவி, கண்ணகி வணிகர் குலத்தாள், மாதரி இடைச்சேரியாள். மூவரும் மூன்று வகையினர். இன்றைய டூலெட் பலகைக்குப் பின்னாலிருப்பவர் கேட்கும் கேள்விகளில் ஒன்றேனும் அங்கே எழுந்ததில்லை. எழுந்தது வேறு: வந்தவள் எத்தகையாள் என்பதைக் கவுந்தி மாதரிக்குச் சொன்னார், சொன்னதற்குத் தாமே பிணையாய் நின்றார். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதரி தீப்புகுந்ததும், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததும் நாம் அறிந்தனவே. நம் தரகர்கள் உயிர்நீக்க வேண்டும் என்று யான் சொல்லவில்லை! தாம் கூட்டிவைத்த இருவரையும் தாம் அறிந்திருத்தலும், ஒருவரைப் பற்றி மற்றவர்க்கு உண்மை சொல்லுதலும் இடையாளர் கடன் என்பதற்கு நம் மொழியில் இத்துணைப் பழைய சான்று இருக்கின்றதே என்பதுதான் என் வியப்பு.

ஆகவே, அதே ஊரில், நடந்து போகுந் தொலைவில் வாழும் வீட்டுடையார் காரியஸ்தரை அமர்த்துவது எனக்குச் சம்மதமில்லை. முதுமையும் பிணியும் இருந்தாலன்றி அதற்கு நான் காரணம் காணேன். மாதத்தில் ஒருமுறை தம் வீட்டுப் படியேறிச் செல்ல அவர்க்கு அரை மணி நேரம் ஆகும். தொலைவில் வாழ்வோர் தாராளமாக அமர்த்துக. கூலியையும் தாமே கொடுக்க. ஆனால் குடிவருவோரோடு ஒருமுறையேனும் தாமே பேசாது ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டா. கடல்கடந்திருப்பாரும் முகம்பார்த்துப் பேச இன்று கைப்பேசி போதும். தம் பெயரையும் எண்ணையும் குடியிருப்போரிடம் கொடுத்து வைக்கட்டும். யார் யார் வீடு கேட்டு வந்தனர், அவருள் யார்க்கு எக்காரணத்தால் இல்லையெனச் சொன்னீர் என்று காரியஸ்தரை எழுத்தில் கேட்கட்டும். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் பல காரணங்கள் தாமே மறைந்துபோம்.

நம் திருச்சபைகளும் வீட்டுடையார்தாம் என்பதை ஈண்டு மறைத்தல் முறையன்று. நம் முன்னோர் காணிக்கையாலும் மிஷனரிமார் முயற்சியாலும் கிடைத்த மனைகளில் கடைகளும் குடியிருப்புக்களும் எழுந்துள்ளன. அவற்றை வாடகைக்கு விட்டு மேற்பார்க்கக் குழுவினரும் காரியஸ்தரும் இருக்கின்றனர். நம் சபையார் தனித்தனியே வீடு விடுங்காலும், கிறிஸ்தவர்க்கு மட்டும் என்று பலகையில் எழுதுவாரும், அதற்குள்ளும் எந்தச் சபை, எந்த ஊர் என்று குடைந்து கேட்டுச் சாதியை அறிந்துகொள்வாரும் உளர் என்பதை நாம் அறியாதவர் அல்லேம். வாடகையால் வந்த வருமானம் இவ்வளவு என்று ஆண்டுக் கணக்கில் படிக்கக் கேட்கின்றோம். யார்க்கு இடம் கொடுத்தோம், யாரைத் திருப்பி அனுப்பினோம் என்பதை எவரும் படிக்கக் கேட்டதில்லை. வரும் ஆண்டுக் கூட்டத்தில் அவ்விரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி வருமானக் கணக்கோடு சேர்த்துப் படிக்குமாறு, எங்கள் சபையின் வாலிபர் சிலர் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கின்றோம். இதுவரை பதினொருவர் கையெழுத்திட்டனர்; அவருள் மூவரின் தகப்பனார் வீடு விடுபவர்.